விளங்கேல்லை அக்கா

பலெர்மோவில் வந்து இறங்கிய எங்கள் ஆட்கள் எல்லாரும் முதலில் படித்த இத்தாலியச் சொல் 'சி'. ஓம் என்று அர்த்தம். ஒருமுறை சொன்னால் மரியாதை குறைந்துவிடுமோ என்று பயந்து இரண்டுமுறை சொல்வோம். சி, சி. வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா எதைச் சொன்னாலும் சி, சி. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் கிழவர் வெயிலைப் பற்றிச் சொன்னாலும் சி, சி. செத்துப்போன தன் மனைவியைப் பற்றிச் சொன்னாலும் சி, சி. கூடவே ஒரு சிரிப்பு வேறு.

அக்கா மட்டும் அப்படிச் சொல்லமாட்டார்.

நான் அவரை முதன்முதலில் கண்டது குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில், இங்கே இருப்பதற்கான அனுமதிச் சீட்டான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் வரிசையில். எனக்கு முன்னால் நின்றார். கட்டையான உருவம். யாரோ சிஞ்ஞோரா கொடுத்த கம்பளிச் சட்டையின் கைகளை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கடகடவென்று ஏதோ சொன்னார். அக்கா குனிந்து, கண்ணாடியில் இருந்த ஓட்டைக்கு நேரே வாயை வைத்து, "நோன் ஓ கப்பீத்தோ" என்றார். எனக்கு விளங்கவில்லை. அதிகாரி திருப்பிச் சொன்னார். "நோன் ஓ கப்பீத்தோ." இன்னொரு முறை. வரிசையில் நின்ற எங்கள் ஆட்களுக்குப் பொறுக்க முடியவில்லை. பின்னால் நின்ற ஒருவர், "அக்கா, சி எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. வெளியிலை ஆரையும் கேட்டு அறியலாம்" என்றார்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "தம்பி, இவர் சொன்னது வெளியிலை நிக்கிறவைக்கு எப்பிடித் தெரியும்?"

கடைசியில் அந்த அதிகாரி ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அதில் ஒரு முகம் வரைந்து, இரண்டு காதுகளையும் பெரிதாகப் போட்டுக் காட்டினார். கொண்டுவந்த படத்தில் தலைமயிர் காதை மூடியிருந்ததுதான் பிரச்சினை. "ஆ! காது!" என்று அக்கா தன் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். நான் அந்த அலுவலகத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே ஒருவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் அதைச் சொல்கிற விதம்தான் விசேஷம். வெட்கம் இருக்காது, கோபம் இருக்காது, மன்னிப்புக் கேட்கிற இளிப்பும் இருக்காது. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல, விளங்கவில்லை என்று சொல்வார். சொல்லிவிட்டு, விளங்கும்வரை அந்த இடத்திலேயே நிற்பார். எங்கள் ஆட்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். விளங்கேல்லை அக்கா. முதலில் நக்கலாகத்தான் வைத்தார்கள்.

போர்கோ வெக்கியோவில் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தில் நாங்கள் இரண்டாம் மாடி, அவர்கள் மூன்றாம் மாடி. அவர்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். நாங்கள் தீவுப் பகுதிச் சைவர். அவருடைய மூத்த மகளும் என்னுடைய மகளும் ஒரே ஆரம்பப் பள்ளியில் ஒரே வகுப்பு. அக்காவின் அடுத்த பிள்ளை ஒரு பொடியன். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, லிபெர்த்தாப் பக்கம் பணக்கார வீடுகளில் வேலைக்குப் போக ஒரே பஸ்ஸைப் பிடிப்போம்.

அக்கா தேர்தலுக்குள் போன கதையும் விளங்காமையில்தான் தொடங்கியது. இலையுதிர்காலம் தொடங்கினால் ஒவ்வொரு வகுப்பிலும் பெற்றோர்கள் கூடித் தங்களில் ஒருவரைப் பிரதிநிதியாகத் தெரிவுசெய்ய வேண்டும். எங்கள் பிள்ளைகளின் வகுப்பில் கூட்டம் நடந்தபோது, ஆசிரியை நிறையச் சொல்லிவிட்டு, யாருக்கு விருப்பம், கையைத் தூக்குங்கள் என்றார். ஒருவரும் தூக்கவில்லை. தாய்மார் எல்லாரும் குனிந்து பிள்ளைகளின் சின்ன மேசைகளில் கீறியிருந்த படங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அக்கா கையைத் தூக்கினார். விளங்கவில்லை என்று சொல்வதற்காகத்தான் தூக்கினார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியை "பிராவா!" என்று கையைத் தட்டிவிட்டார். தப்பினோம் பிழைத்தோம் என்று மற்றத் தாய்மாரும் தட்டினார்கள். சீட்டுக் கொடுத்தார்கள், எல்லாரும் அக்காவின் பெயரை எழுதினார்கள். அது நீளமான பெயர். ஒவ்வொரு சீட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தது. ஆசிரியை எல்லாவற்றையும் அவருக்கே சேர்த்து எண்ணினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா கேட்டார். "பிள்ளை, ஏன் எல்லாரும் கை தட்டினவை?"

"அக்கா, இனி நீங்கள்தான் வகுப்புப் பிரதிநிதி."

நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஹோர்ன் அடித்து ஏதோ தூசணம் சொல்லிக்கொண்டு போனான். அக்கா தன் வலது கையைப் பார்த்தார். "சரி. கையைத் தூக்கியாச்சு. இனி இறக்கேலாது."

அவர் அந்த வேலையை எடுத்துக்கொண்ட விதம் எங்கள் ஒருவருக்கும் எதிர்பாராதது. கூட்டத்தில் சொன்னதை மற்றப் பெற்றோருக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொல்வதென்றால் தனக்கு முதலில் விளங்க வேண்டுமே. அதனால் முன்பைவிட இரண்டு மடங்கு கை தூக்கினார். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் பள்ளிப் படிக்கட்டில் போர்கோ வெக்கியோத் தாய்மார் சிலர் அவரைச் சுற்றிக்கொள்வார்கள். உள்ளே தலையாட்டிக்கொண்டு இருந்த அதே தாய்மார்தான். "என்ன சொன்னார்கள், சிஞ்ஞோரா?" இத்தாலியில் பிறந்து வளர்ந்தவர்கள், இத்தாலி மொழியில் என்ன சொன்னார்கள் என்று மன்னார்ப் பெண் ஒருத்தியிடம் கேட்டு நிற்பதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பள்ளியில் பேசுகிற இத்தாலி வேறு, தெருவில் பேசுகிற சிசிலியன் வேறு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. சி, சி என்று தலையாட்டுவது எங்கள் ஆட்களின் வியாதி மட்டும் இல்லை.

வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. அக்காவின் புருசன் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். நல்ல மனிசன், சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். "வந்த இடத்திலை வாயை மூடிக்கொண்டு இருப்பம்" என்பதுதான் அவருடைய கொள்கை. மகளுக்கோ வெட்கம். "மம்மா, கை தூக்காதைங்கோ. தி ப்ரேகோ! எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கினம்" என்று அழுவாள். 'தி ப்ரேகோ' என்றால் கெஞ்சிக் கேட்கிறேன் என்று அர்த்தம்.

அக்கா அவளுடைய தலையைப் பின்னிக்கொண்டே சொல்வார். "உன்ரை ஆசிரியை நல்லா விளங்கப்படுத்தினால் நான் ஏன் கை தூக்கிறன்?"

அடுத்தது பள்ளிச் சபைத் தேர்தல். வகுப்புப் பிரதிநிதி மாதிரி இல்லை இது. பள்ளி முழுவதுக்கும் ஒரு சபை; ஆசிரியர்களும் பெற்றோர்களும் தலைமை ஆசிரியரும் இருந்து பள்ளிக்கூட விஷயங்களைத் தீர்மானிப்பார்கள். மூன்று வருசத்துக்கு ஒருமுறை தேர்தல். இத்தாலிய வாக்குரிமை இல்லாவிட்டாலும், பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் தாய் தகப்பனுக்கு வாக்கு உண்டு, தேர்தலில் நிற்கவும் முடியும். போர்கோ வெக்கியோத் தாய்மார் தங்கள் பட்டியலில் அக்காவையும் போட்டார்கள். பட்டியலின் முதல் பெயர் சந்தையில் மீன்கடை வைத்திருந்த ஒரு பெண்ணுடையது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். காலையில் அவள் மத்தி விற்கக் கூவினால் எங்கள் இரண்டாம் மாடி ஜன்னல் அதிரும்.

எங்கள் ஆட்களிடம் அக்கா வாக்குக் கேட்ட இடங்கள் இரண்டு. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்தபின் கத்தோலிக்கக் கோயில் முற்றம். மற்றது, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசலியாவின் குகைக்கோயிலுக்குப் போகும் மலைப்பாதை. நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறுகிறவர்களில் எங்கள் சைவ ஆட்களும் நிறைய. மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே நடந்து, "திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் போடலாம், வேலைக்குப் போற வழியிலை ஒரு நடை வாங்கோ" என்பார்.

"வேண்டாம் அக்கா. பிறகு பெர்மெஸ்ஸோவிலை கைவைச்சால்?"

"ஆர் சொன்னது? எனக்கு விளங்கேல்லை. பள்ளிக்கூடத்துக்கும் பெர்மெஸ்ஸோவுக்கும் என்ன தொடுப்பு?"

பயத்துக்குக் காரணம் சொல்ல யாரால் முடியும். ஒருசிலரைத் தவிர ஒருவரும் வரவில்லை.

அந்தப் பட்டியலில் இருந்து ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது. மீன்கடைக்காரிக்கு. அக்காவை விட ஒரேயொரு வாக்குத்தான் கூடுதல். நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் சமையலறையில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றார். "ஒரு வாக்கோ?" என்றார். பிறகு திரும்பி நின்று சட்டிக்குள் பார்த்துக்கொண்டு, "நான் அவளுக்கெல்லே போட்டனான்" என்றார்.

"என்னக்கா சொல்லுறியள்?"

"என்ரை பேருக்கு நானே எப்பிடிப் புள்ளடி போடுறது? எனக்கு ஒரு மாதிரி இருந்துது, பிள்ளை."

பிறகுதான் தெரிந்தது, அக்கா வாழ்க்கையில் போட்ட முதல் வாக்கே அதுதான். ஊரில் வாக்குப் போடும் வயது வந்தபோது சண்டை. ஒரு தேர்தலுக்கு ஊர் வெறிச்சோடிக் கிடந்தது, அடுத்ததற்கு அவர்களே ஊரில் இல்லை. முதன்முதலில் கையில் கிடைத்த வாக்குச்சீட்டில் தன் பெயரே இருந்ததைப் பார்த்து அவர் வெட்கப்பட்டுப் போனார்.

அக்கா மறுநாள் மீன்கடைக்குப் போய் வாழ்த்துச் சொன்னார். நான் உனக்குத்தான் போட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மீன்கடைக்காரி கத்தியை வைத்துவிட்டு, இரத்தக் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தாளாம். "நான் எனக்குத்தான் போட்டேன்" என்றாளாம். "என் புருசனையும் அடித்துக் கொண்டுபோய்ப் போட வைத்தேன். நீ ஒரு பைத்தியம்." பிறகு ஒரு பை நிறைய மத்தியைப் போட்டுக் கொடுத்தாள். அன்று மாலை மூன்று வீடுகளில் மத்திக் குழம்பு. அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதிகள். ஒருத்தியின் தமிழ் இத்தாலியும் மற்றவளின் சிசிலியனும் எப்படிப் பொருந்தினவோ, மணிக்கணக்காகக் கதைப்பார்கள். மீன்கடைக்காரிக்கும் அக்காவிடமிருந்து அந்த வியாதி தொற்றிவிட்டது. சபைக் கூட்டங்களில், "திரெத்தோரே, விளங்கவில்லை!" என்று மீன் விற்கிற குரலில் கேட்கத் தொடங்கினாள். திரெத்தோரே என்பது தலைமை ஆசிரியரை அழைக்கும் சொல்.

மூன்று வருசம் கழித்து அடுத்த தேர்தல். இம்முறை எங்கள் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். முதல் தேர்தலில் வாக்குப் போட்ட யாருடைய பெர்மெஸ்ஸோவும் பறிபோகவில்லை என்பது அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை காலையில் நான் பள்ளி வாசலில் நின்றபோது அக்காவின் புருசன் வந்தார். கலியாண வீட்டுக்குப் போகிறவர்போல வெள்ளைச் சேட்டு அயன் பண்ணிப் போட்டிருந்தார். முதல் தேர்தலுக்கு அவர் வேலையைச் சாட்டிக்கொண்டு வராமல் விட்டவர். என்னோடும் கதைக்கவில்லை, வாசலில் நின்ற மனைவியோடும் கதைக்கவில்லை. நேரே உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. உள்ளே ஏதும் பிரச்சினையோ?

வெளியே வந்தார். முகம் சிவந்து போயிருந்தது.

"உன்ரை பேரிலை ஒரு எழுத்துப் பிழை" என்றார். "நான் சொன்னனான். திருத்தச் சொன்னனான்."

"நீங்களோ?"

"பின்னை? அதுதானே உன்ரை பேர்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. புருசன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. கோப்பை கழுவப் போய்விட்டார். நான் மெல்லக் கேட்டேன்: "அக்கா, இந்த முறை ஆருக்குப் போட்டியள்?"

"எனக்குத்தான்" என்றார். "மீன்கடைக்காரி சொன்னவள், போடாட்டில் இனி மீன் தரமாட்டாளாம்."

இரண்டு பேருமே வென்றார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் பள்ளியின் மேல்மாடிக் கூரையிலிருந்து சீமெந்து ஒரு பாளமாக விழுந்தது. நல்லகாலம், விடுமுறை நாள். இஞ்சினியர் வந்து பார்த்து மேல்மாடியைப் பூட்டச் சொல்லிவிட்டார். பாதி வகுப்பறைகள் போய்விட்டன. இனிப் பிள்ளைகளில் பாதிப்பேர் காலையிலும் பாதிப்பேர் பின்னேரமும் வர வேண்டும். யார் காலை, யார் பின்னேரம்? அதைத் தீர்மானிக்கத்தான் சபை கூடியது. பெற்றோர் யாரும் போய்ப் பின்னால் இருந்து பார்க்கலாம். நானும் போனேன்.

தலைமை ஆசிரியர் மெலிந்த, களைத்துப்போன மனிதர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அந்தப் பள்ளியின் ஒழுகும் குழாய்களுக்கும் உடைந்த கதவுகளுக்கும் அலைந்தே நரைத்தவர். அவர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். அண்மைக்காலத்தில் வந்து சேர்ந்த குடும்பங்களின் சிறப்புத் தேவைகளைக் கருத்தில்கொண்டு, அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஏற்ற தனியான நேர ஒழுங்கொன்றை வகுத்து, அதன்மூலம் அவர்களுடைய இணைவை எளிதாக்குவது என்று அது போயிற்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான்கூடத் தலையாட்டினேன்.

அக்கா கையைத் தூக்கினார். "நோன் ஓ கப்பீத்தோ."

தலைமை ஆசிரியர் மறுபடி வாசித்தார், மெதுவாக.

"விளங்கவில்லை."

அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு வேறு சொற்களில் சொன்னார். மொழி கற்பதற்கு உதவும் என்றார். அமைதியான சூழல் என்றார். மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் நன்மை என்றார்.

"விளங்கவில்லை."

சபையில் இருந்த ஒரு தகப்பன், நல்ல கோட்டுப் போட்டவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சிஞ்ஞோராவுக்கு யாராவது பிறகு விளக்கலாமே என்றார். உடனே மீன்கடைக்காரியின் குரல் எழும்பியது. "எனக்கும்தான் விளங்கவில்லை! எனக்கும் பிறகுதானா?" மூலையில் இருந்த ஒரு இளம் ஆசிரியை மெல்லிய குரலில், "உண்மையைச் சொன்னால், எனக்கும்தான்" என்றாள்.

தலைமை ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்களைக் கசக்கினார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார். "வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பின்னேரம் வருவார்கள். இத்தாலியப் பிள்ளைகள் எல்லாரும் காலையில் வருவார்கள்."

அவர் வாயிலிருந்து வந்ததை அவரே கேட்டார். அவருடைய முகத்தில் அது தெரிந்தது.

"இப்போது விளங்கிவிட்டது" என்றார் அக்கா. அவருடைய குரல் கொஞ்சமும் உயரவில்லை. "ஏன்?"

தலைமை ஆசிரியர் பதில் சொல்ல முயன்றார். உங்கள் தாய்மார் வேலைக்குப் போகிறவர்கள் என்று தொடங்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு இருந்தார். தாய்மார் வேலைக்குப் போவது காலையில்தான் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்; பாதியில் நிறுத்திவிட்டார். "அப்படிப் பிரிப்பது சுலபமாக இருந்தது, சிஞ்ஞோரா" என்றார். "வேறொரு காரணமும் இல்லை." அப்படிச் சொல்லவும் ஒரு மனம் வேண்டும். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

மீன்கடைக்காரிதான் யோசனை சொன்னாள். எல்லா வகுப்புகளும் மாதத்துக்கு மாதம் முறை வைத்து மாறி வரட்டும். பெரிய வாக்குவாதம் வந்தது. கோட்டுப் போட்ட தகப்பன் தன் மகளுடைய பியானோ வகுப்பைப் பற்றிச் சொன்னார். கடைசியில் கைதூக்க விட்டார்கள். அக்காவின் கை முதலில் போனது, அவருக்குத்தான் பழக்கமாயிற்றே. தலைமை ஆசிரியரின் கையும் எழும்பியது. முறை வைத்து வருவது என்று முடிவாகியது.

அந்த முடிவு அக்காவின் வேலையைக் கொண்டுபோயிற்று. அவருடைய பிள்ளைகள் பின்னேரம் போக வேண்டிய மாதங்களில், மத்தியானம் கூட்டிக்கொண்டுபோய் விட ஆள் வேண்டும். அவர் வேலை செய்த லிபெர்த்தா வீட்டில் மத்தியானச் சாப்பாடுதான் பெரிய வேலை. சிஞ்ஞோராவும் பாவம், எத்தனையோ வருசம் பழகியவர், யோசித்துப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆட்களில் சிலர், தேவையில்லாத வேலைக்குப் போய் உள்ள வேலையையும் விட்டார் என்று கதைத்தார்கள். எங்கள் பிள்ளைகளை மட்டும் பின்னேரத்துக்குத் தள்ளியிருந்தால் மாதம் முழுக்க, வருசம் முழுக்க இந்தச் சிக்கல்தான் என்பது அவர்களுக்கு எட்டவில்லை.

அக்கா கோயில் சுவாமியாரைப் போய்ப் பார்த்தார். காலையில் சும்மா கிடக்கும் மண்டபத்தைக் கேட்டு வாங்கினார். பின்னேர முறை வந்த பிள்ளைகள், வீட்டில் ஆளில்லாதவர்கள் எல்லாரும் காலையில் அங்கே. எங்கள் பிள்ளைகளும் போர்கோ வெக்கியோப் பிள்ளைகளும் கலந்துதான். அக்கா அவர்களைப் பார்த்துக்கொண்டார். மத்தியானம் கையைக் கோத்து வரிசையாகப் பள்ளிக்கு நடத்திக்கொண்டு போனார். பெற்றோர் தங்களால் முடிந்ததைக் கொடுத்தோம். மீன்கடைக்காரி மீன் கொடுத்தாள். பின்னேரங்களில் அக்கா ஒரு அலுவலகத்தில் கூட்டிக் கழுவும் வேலை தேடிக்கொண்டார்.

எனக்கு வேலையில்லாத ஒரு காலையில் நானும் மண்டபத்துக்குப் போனேன். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்தோம். வேலை போன ஆற்றாமை எனக்குத்தான் அவரைவிட அதிகம். "அக்கா, உங்களுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?" என்று கேட்டுவிட்டேன். "எல்லாரும் தலையாட்டிக்கொண்டு போகேக்கை, நீங்களும் ஒருக்கா ஆட்டிப்போட்டுப் போனால் என்ன?"

அவர் தோடம்பழத்தின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இருந்தார்.

"எனக்கு ஒரு அண்ணா இருக்கிறார்" என்றார். "உனக்குச் சொல்லேல்லை என்ன?"

சொல்லவில்லை. எத்தனையோ வருசப் பழக்கத்தில் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"பஸ்ஸிலை போய்க்கொண்டு இருந்தனாங்கள். ஆமிக்காரர் மறிச்சு இறக்கினவை. வரிசையிலை நிக்க விட்டு ஒருத்தன் சிங்களத்திலை ஏதோ கேட்டான். அண்ணாவுக்குச் சிங்களம் தெரியாது. பயத்திலை தலையை ஆட்டிப்போட்டார். அவன் இன்னொண்டு கேட்டான். அதுக்கும் ஆட்டினார். நான் பக்கத்திலை நிக்கிறன் பிள்ளை. எனக்கும் விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு சொல்லத் தெரியேல்லை எனக்கு. அவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்."

"பிறகு?"

"வந்தார். கனகாலத்துக்குப் பிறகு. அம்மா வீடு வீடா, காம்ப் காம்பா அலைஞ்சு கூட்டிக்கொண்டு வந்தவ. ஆள் வந்துது, கதை வரேல்லை. சாப்பிட்டியளோ எண்டால் தலையாட்டுவார். பசிக்குதோ எண்டாலும் தலையாட்டுவார். பிறகு வள்ளத்திலை இந்தியாவுக்குப் போட்டினம். அகதி முகாமிலைதான் அம்மாவோடை இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலை போன் எடுப்பன். அம்மா கதைச்சிட்டு அவரிட்டைக் குடுப்பா. நான் என்ன சொன்னாலும், ஓம், ஓம். கடல் வத்திப்போச்சு அண்ணா எண்டாலும் ஓம் எண்டுவார்."

சுளையொன்றை என் கையில் வைத்தார். "நீ கேட்டதுக்கு எனக்கு வேறை மறுமொழி இல்லை" என்றுவிட்டு, அடிபட்டுக்கொண்டிருந்த இரண்டு பொடியன்களைப் பிரிக்க எழுந்து போனார்.

மேல்மாடியைத் திருத்தி முடித்தார்கள். முறை வைத்து வருவது நின்றது. அக்காவின் இளையவன் ஐந்தாம் வகுப்பை முடித்து அந்தப் பள்ளியை விட்டுப் போனபோது, சட்டப்படி அக்காவின் சபை இடமும் போயிற்று. பிள்ளை இல்லாத பள்ளியில் தாய்க்கு இடமில்லை. கொஞ்ச நாளில் புருசனுக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, தொண்ணூறுகள் முடிவதற்குள் குடும்பமாகப் போய்விட்டார்கள். அக்காவின் அரசியல் வாழ்க்கை அவ்வளவுதான். தவறுதலாக ஒருமுறை, தோற்று ஒருமுறை, வென்று ஒருமுறை.

அவர் வேலையிழந்த அந்தக் காலத்தில், அண்ணாவைப் பற்றி என்னிடம் சொன்ன பிறகு வந்த ஞாயிறு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வியா மக்வேதாவில் இருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், வெளிநாட்டுக்குப் போன் எடுக்கும் கடை ஒன்று இருந்தது. பலகையால் அடைத்த சின்னச் சின்ன அறைகள், கதவில் கண்ணாடி. ஞாயிறு மத்தியானம் எங்கள் ஆட்களும் மற்ற நாட்டு ஆட்களும் வரிசையில் நிற்பார்கள். அக்கா உள்ளே இருந்தார். நான் வெளியே என்னுடைய முறைக்காக நின்றேன். அந்தப் பலகை எதையும் மறைக்காது. அம்மாவோடு கதைத்து முடித்துவிட்டு அண்ணாவிடம் கதைத்தார். வழக்கமான கதைதான். பிள்ளைகள் சுகம், இங்கே மழை, சாப்பிட்டீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓம் வந்திருக்கும்; அக்கா ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பொறுத்து அடுத்ததைச் சொன்னார்.

"நான் செய்த வேலை போட்டுது அண்ணா. பள்ளிக்கூடச் சபையிலை இருக்கிறன் எண்டு சொன்னனெல்லே, அதாலை வந்த வில்லங்கம்."

அதற்குப் பிறகு அக்காவிடம் சத்தமில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி அசையாமல் நின்றார். ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். அவர் என் கையைப் பற்றி இழுத்து, ரிசீவரை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தார்.

"என்ன சபை?" என்று தூரத்தில் ஒரு ஆண்குரல் கேட்டது. கரகரத்த குரல், நாள்பட்டுத் திறக்கிற கதவைப்போல. "எனக்கு விளங்கேல்லை. நீ வடிவாச் சொல்லு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீர் விரல்களுக்கு மேலால் வழிந்தது. பிறகு வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக என்னிடம் சொன்னார். "பிள்ளை, அண்ணாவுக்கு விளங்கேல்லையாம்!"

வெளியே கடைக்காரர் மணிக்கூட்டைக் காட்டினார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அந்தச் சின்ன அறையின் நிலத்திலேயே காலை மடித்து உட்கார்ந்துகொண்டார்.

"சொல்லுறன் அண்ணா" என்றார். "முதலிலை இருந்து சொல்லுறன். இஞ்சை ஒரு பள்ளிக்கூடம் இருக்கு."